வெயிலில் மறந்த கியூப்

கியூப் மேடம் ஒரு கான்கிரீட் கட்டியைத் தட்டிப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று மாணவர்கள் கதை கட்டுவார்கள். அதெல்லாம் சும்மா. தட்டினால் கை வலிக்கும், அவ்வளவுதான். மெஷினில் வைத்து உடைத்துப் பார்க்காமல் எந்தக் கட்டியைப் பற்றியும் வாயைத் திறக்காதவர் அவர். மனிதர்களைப் பற்றியும் அப்படித்தான் என்று சொல்ல ஆசை, ஆனால் பொய் சொல்லக்கூடாது. மனிதர்கள் விஷயத்தில் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். உடைப்பது முதலில், பார்ப்பது பிறகு.

அவருடைய ராஜ்ஜியம் கல்லூரியின் பின்பக்கம், தரைத்தளத்தில் இருக்கும் கான்கிரீட் லேப். நீளமான அறை. ஒரு ஓரமாக மணலும் ஜல்லியும் தனித்தனி மரப்பெட்டிகளில். நடுவே கலவை குழைக்கிற இரும்புத் தட்டு. சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஆள் உயரத்துக்குக் கியூபை அமுக்கி உடைக்கும் மெஷின். ஜன்னல் கண்ணாடிகளில் சிமெண்ட் தூசி படிந்து படிந்து பட்டப்பகலிலும் உள்ளே மந்தாரம்தான். இந்த வெளிச்சக் குறைவைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வம்பு அங்கேயிருந்துதான் வந்தது.

கியூப் என்றால் பயந்துவிட வேண்டாம். சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் கலந்து, அரை அடி அளவு இரும்பு அச்சில் குத்தி நிரப்புவார்கள். மறுநாள் அச்சைக் கழற்றினால் சதுரக் கட்டி. அதைத் தொட்டித் தண்ணீரில் நான்கு வாரம் மூழ்கப் போட்டு, இருபத்தெட்டாம் நாள் மெஷினில் வைத்து உடைப்பார்கள். உடைவதற்குமுன் எவ்வளவு பாரம் தாங்கியது என்பதுதான் கான்கிரீட்டின் பலம். தண்ணீரில் ஊறுவதில்தான் அதன் உயிரே இருக்கிறது. ஊறாத கட்டி பார்க்க ராஜா மாதிரி இருக்கும். பாரம் ஏற்றினால் பல்லை இளித்துவிடும்.

இவ்வளவையும் செய்துவிட்டு மாணவர்கள் ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். கூத்து அங்கேதான். போன வருஷத்துப் பையன் எழுதிய எண்ணை இந்த வருஷத்துப் பெண் எழுதுவாள். அவன் அதை அதற்கு முந்தின வருஷத்து அண்ணனிடமிருந்து வாங்கியிருப்பான். கலவை மாறும், சிமெண்ட் மாறும், மெஷினே ஒருமுறை மாறியது, எண் மட்டும் மாறாது. ஒரு பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கூட்டலில் செய்த தப்பு பரம்பரைச் சொத்து மாதிரி கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. துறைத்தலைவர் அதன் கீழே வருஷா வருஷம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. நோட்டு அடுக்கு அவர் தலையை மறைக்கிற உயரத்துக்கு வரும்போது யார்தான் கூட்டிப் பார்ப்பார்கள்?

கியூப் மேடமும் அந்த வழியாக வந்தவர்தான். அவர் பார்த்து எழுதியது சொந்த அக்காவின் நோட்டை. முதல் வேலையில், மேலதிகாரி ஒருநாள், "நாலு கியூப் போட்டு வைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டார். மறுநாள் அச்சிலிருந்து கட்டி வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சுத்தியலால் தட்டினார், கவிழ்த்துப் போட்டு உதைக்கக்கூடச் செய்தார். அச்சின் உள்பக்கம் எண்ணெய் தடவ வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. வேலையிடமே சிரித்தது. வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சண்டை.

"ஏன்க்கா, உன் நோட்டுல எண்ணெயைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?"

"எனக்கு எப்படிடீ தெரியும்? நானும் பார்த்துத்தானே எழுதினேன்!"

இந்தக் கதையை அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஆசிரியையாகி அதே மாதிரி நோட்டுகள் தன் மேஜைக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் இவர்களுக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறோம், அழகாகப் பார்த்து எழுதவா, என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில்தான் வழி கிடைத்தது. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேசியவர், மாணவர்கள் இணையத்தில் ஆளுக்கொரு பிளாக், அதாவது வலைப்பூ, தொடங்கி, வாராவாரம் செய்ததையும் புரிந்ததையும் அதில் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருஷக் கடைசியில் அந்தப் பக்கமே அவர்களுடைய வேலைத் தொகுப்பு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் திறந்து காட்டலாம். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை துறைத்தலைவர் அறையில் நின்றார்.

"ரெக்கார்டுக்குப் பதிலா பிளாக்கா? என்னம்மா, லேப்பை டீக்கடை ஆக்கப் போறீங்களா? அவன் அவன் வாய்க்கு வந்ததை எழுதுவான்."

"எழுதட்டும் சார். அவன் வாய்க்கு வந்தது அவனோடதா இருக்கும்ல."

அவர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் ஒரு வருஷம் தந்தார். வருஷ முடிவில் வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார். அவர் சரி என்று சொல்லி, துறைத்தலைவரும் கையெழுத்துப் போட்டால் லேப் மதிப்பெண் இனி பிளாக்குக்கே. இல்லையென்றால் பழையபடி ரெக்கார்டு. "அப்புறம் இந்தப் பேச்சையே நீங்க எடுக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான் எதற்குச் சம்மதித்தோம் என்பதே மேடத்துக்கு உறைத்தது.

முதல் மாதங்கள் இருக்கிறதே, அது ஒரு தனிப் பாடு. பாதிப் பேர் 'நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை' என்று ரெக்கார்டை அப்படியே பிளாக்கில் ஏற்றினார்கள். ஒருவன் இணையத்திலிருந்து முழுப் பக்கத்தைத் தூக்கிப் போட்டதில், எங்கோ பனி பெய்கிற ஊரில் கான்கிரீட்டைக் கம்பளியால் போர்த்துவது பற்றியெல்லாம் எழுதியிருந்தான். "எங்கப்பா கம்பளி?" என்று மேடம் கேட்டதற்கு, அவன் லேப்பைச் சுற்றும்முற்றும் பார்த்தான். கருத்து எழுதும் இடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் 'சூப்பர்' போட்டார்கள். வெறும் சூப்பருக்கு மதிப்பெண் கிடையாது, ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டார். கேள்விகள் வந்தன: 'சாப்பிட்டாயா?'

மாலையில் கணவரின் மூக்குக் கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளர் உட்காரும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் கேளுங்க. 'கான்கிரீட் மிகவும் நன்றாக இருந்தது.' என்னது இது, விருந்து சாப்பாடா?"

"நீ எழுதிக் காட்டுனியா அவங்களுக்கு?" கணவர் ஒரு பிரேமுக்குத் திருகு முடுக்கிக்கொண்டே கேட்டார். "எப்படி எழுதணும்னு தெரியாம அதுங்க என்ன பண்ணும்?"

அந்தக் கேள்வி தைத்தது. தானும் ஒரு பிளாக் தொடங்கினார். முதல் பதிவே அச்சில் எண்ணெய் தடவாத கதை. வகுப்பே படித்து விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து பதிவுகளின் குரல் மாறியது. ஒருவன் தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டுக் கலவை கஞ்சியாகிப் போனதைப் படத்தோடு எழுதினான். மணலில் ஈரம் இருந்ததைக் கவனிக்காமல் தண்ணீர் அளந்ததை ஒருத்தி எழுத, அவளிடம் நாலு பேர், 'ஈரத்தை எப்படி அளக்கிறது?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி மேடத்தின் பாடத்தில் இரண்டு மாதம் கழித்து வரவேண்டியது. மேடம் சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

வகுப்பில் ஒருத்தி இருந்தாள், கேமரா என்று கூப்பிடுவார்கள். எதையும் படம் எடுக்காமல் விடமாட்டாள். அவள் பக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் திறப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவளும் அவள் கூட்டாளியும் அச்சைக் கழற்றிக் கட்டிகளை வெளியே எடுத்தார்கள். வழவழவென்று, மூலை உடையாமல், அவ்வளவு அழகாக வந்திருந்தன. உள்ளே எடுத்த படங்களெல்லாம் இருட்டு. கேமரா ஜன்னலைத் திறந்து, வெளித்திட்டில் கட்டிகளை வரிசையாக வைத்து, வெயில் விழும்படி படம் எடுத்தாள். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கு ஓடினார்கள். நீ தொட்டியில் போட்டிருப்பாய் என்று அவள் நினைத்தாள், நீ போட்டிருப்பாய் என்று கூட்டாளி நினைத்தான். யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். தூசி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இருபத்தெட்டாம் நாள் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் தேடினார்கள். எல்லார் கியூபும் இருந்தது, இவர்களுடையதைக் காணோம். கடைசியில் ஜன்னலைத் திறந்தால், வெயிலில் வெளுத்து, தொட்டால் சுடுகிற கட்டிகள். மெஷினில் வைத்தார்கள். மற்றவர்களுடையது தாங்கியதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் 'டப்'. கேமரா அங்கேயே அழுதுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "போட்டோ எடுக்கவா வெளியே வச்சாங்க? பிளாக்குக்காகவா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேனேம்மா. ரெக்கார்டு எழுதுற காலத்துல இப்படி ஒரு தப்பு நடந்திருக்குமா?"

நடந்திருக்காது, அதுதான் கொடுமை. அவர் போனபிறகு கேமரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "மேடம், நான் பக்கத்துல இருக்கிறவங்க ரீடிங்கை வாங்கி எழுதிக்கட்டுமா?"

"உடைஞ்சது உன் கியூபா, அவங்க கியூபா?"

"என்னோடது."

"அப்போ உன்னோடதை எழுது."

எழுதினாள். தொட்டியில் தேடிய கை, சுடுகிற கட்டி, கூட்டாளியோடு போட்ட சண்டை, அழுகை, எல்லாமே. உடைந்த துண்டுகளின் படத்தைப் பக்கத்து அணியின் துண்டுகளோடு சேர்த்துப் போட்டு, 'தண்ணீர் குடித்ததற்கும் குடிக்காததற்கும் வித்தியாசம் பாருங்கள்' என்று கீழே எழுதியிருந்தாள். அந்த வாரம் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தால்? நிழலில் வைத்திருந்தால்? இரண்டு அணிகள் கேட்காமலேயே கூடுதலாகக் கியூப் போட்டுப் பார்த்தன. ஊறவைப்பது பற்றி மேடம் இத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்னது அந்த ஒரு பதிவில் எல்லார் மண்டையிலும் ஏறியது. தேர்வாளர் வரும்போது முதலில் காட்டவேண்டியது இதைத்தான் என்று மேடம் முடிவு செய்துவிட்டார்.

அந்த நாளும் வந்தது. காலையில், கிளம்பும் அவசரத்திலும், நெஞ்சுக்கு ஒரு தெம்பாக இருக்கட்டும் என்று போனில் அந்தப் பதிவைத் திறந்தார். காணவில்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு கியூபின் படம். கீழே, 'நான்கு வாரம் நீரில் ஊறவைத்துச் சோதித்ததில் எதிர்பார்த்த பலம் கிடைத்தது.' அடுத்தவன் பக்கத்தைத் திறந்தார். கஞ்சிக் கலவை போயிருந்தது. அதற்கடுத்தது. ஈர மணல் போயிருந்தது. சண்டைகள், கேள்விகள், கேலிகள், ஒன்றும் இல்லை. எல்லாப் பக்கமும் குளித்துத் தலைசீவிப் போட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டாங்களே!" என்று கத்தியே விட்டார்.

கணவர் வாங்கிப் பார்த்தார். "உனக்காகத்தானே பண்ணியிருக்கும் பாவம். வர்றவர் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். அப்புறம் அதுங்களை உரிச்சு எடு."

லேப்பில் வகுப்பு முழுவதும் வாசலிலேயே நின்றது. முகமெல்லாம் பல். "மேடம், சர்ப்ரைஸ்!"

"யார் சொன்னா உங்களை மாத்தச் சொல்லி?"

பற்கள் மறைந்தன. கேமராதான் பேசினாள். "தப்பெல்லாம் இருந்தா அவர் வேணாம்னு சொல்லிடுவார்ல மேடம். அதுவும் என் கியூப் பிளாக்காலதானே போச்சு? அதைப் பார்த்தா உங்களைத்தானே சொல்வாங்க? அதான் எல்லாரும் சேர்ந்து..."

மேடத்துக்குக் கோபம் வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. இந்தப் பிள்ளைகள் தன் மேல் இவ்வளவு பிரியமாக இருக்கின்றன என்று அவருக்கு அதுவரை தெரியாது. திட்ட வாயெடுப்பதற்குள் தேர்வாளரின் கார் வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. சரி, இப்படியே தப்பித்துப் போகட்டும். ஜெயித்த பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

தேர்வாளர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். துறைத்தலைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஒவ்வொரு பக்கமாக ஓடியது. தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "நீட்டா இருக்கு" என்றார். துறைத்தலைவருக்கே ஆச்சரியம். "பரவாயில்லையேம்மா" என்று மெதுவாகச் சொன்னார். தேர்வாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேமராவைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க கியூப் எவ்வளவும்மா தாங்குச்சு?"

கேமரா எண்ணைச் சொன்னாள். பக்கத்து அணியின் எண். கண் இமைக்கவில்லை, குரல் பிசகவில்லை. "தொட்டியில நாலு வாரம் நல்லா ஊறிச்சு சார்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

கியூப் மேடம் அவளையே பார்த்தார். தன் தப்பைச் சொல்லி எல்லார் முன்னாலும் அழுத பெண் இவள். இத்தனை சரளமாகப் பொய் சொல்ல இவளுக்கு எங்கிருந்து வந்தது? இந்த ஒரு வருஷம் எதற்கு?

"சார், ஒரு நிமிஷம்" என்றார். "கையெழுத்துப் போடாதீங்க. இது நிஜம் இல்லை."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மேடம் சொல்லிவிட்டார். பிள்ளைகள் தனக்காக எல்லாவற்றையும் மாற்றியதை, அது காலையிலேயே தெரிந்தும் தான் வாயை மூடிக்கொண்டு இருந்ததை. "அவங்க மேல தப்பில்லை சார். நான்தான் சொல்லியிருக்கணும். இந்தப் பக்கங்களுக்கு நீங்க கையெழுத்துப் போட்டா, ரெக்கார்டு நோட்டுக்கே போட்டிருக்கலாம்."

தேர்வாளர் பேனாவை மூடினார். போச்சு, எல்லாம் போச்சு என்று மேடம் நினைத்தார். அவர் கேமரா பக்கம் திரும்பினார்.

"அப்போ நிஜமா என்னம்மா ஆச்சு?"

கேமரா கூட்டாளியைப் பார்த்தாள். "வெயில்ல மறந்துட்டோம் சார்." பிறகு இன்னொரு வாக்கியம். அப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஜன்னல், வெளிச்சம், மணி, கூட்டாளி. ஜன்னலைச் சாத்தியதும் தான்தான் என்றாள். நடுவில் கூட்டாளி, "அவ பொய் சொல்றா சார், நான்தான் ஜன்னலைச் சாத்தினேன், பார்க்காமலே சாத்திட்டேன்" என்று எழுந்தான். இது மேடத்துக்கே புதுச் செய்தி.

"அந்தப் பதிவை அழிச்சாச்சா?"

"அழிக்கலை சார். மனசு வரலை. ஒளிச்சுதான் வச்சிருக்கோம்." கேமரா போனை எடுத்துத் தட்டினாள். திரையில் வெளுத்த கட்டி வந்து நின்றது. பின்வரிசையில் ஒருவன் தன் போனைத் தட்டினான், கஞ்சிக் கலவை வந்தது. அப்புறம் ஆளாளுக்கு. தேர்வாளர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அச்சில் எண்ணெய் தடவாத கதைக்கு வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். கீழே வந்திருந்த கேள்விகளை ஒன்று விடாமல் படித்தார். டீ ஆறிப்போனது.

எழுந்தபோது சொன்னார்: "எனக்குச் சம்மதம். ஒரே நிபந்தனை. போட்ட பதிவை மாத்தக்கூடாது. தப்புன்னா கீழே இன்னொண்ணு எழுதணும்." பிறகு துறைத்தலைவரைப் பார்த்து, "ஆனா நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இது செல்லும்" என்றார்.

துறைத்தலைவர் எதுவும் எழுதவில்லை. "நான் இன்னும் ஒண்ணும் படிக்கலையே" என்றார். "படிச்சுட்டுச் சொல்றேன்."

ஒரு வாரம் ஓடியது. அவர் அறைக்கதவு சாத்தியே இருந்தது. மேடம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நடையைக் குறைத்துப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. ரெக்கார்டு நோட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. அக்காவுக்குப் போன் போட்டால் அக்கா வேறு, "நீயே போய் உன் வாயால கெடுத்துக்கிட்டியேடீ" என்று பெருமூச்சு விட்டாள். "கெட்டாலும் பரவாயில்லைக்கா, அந்தப் பொண்ணு அப்படிப் பொய் சொல்றதை என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியலை" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் மேடம் அழுதார். பரவாயில்லை என்று சொன்னதும் நிஜம், அழுததும் நிஜம்.

இதற்கிடையில் கேமரா தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "மேடம், அன்னைக்கு நாங்க பொய் சொன்னோம்ல, அதையும் எழுதலாமா?"

"எழுது."

'தேர்வாளரிடம் நான் சொன்ன எண்' என்று தலைப்பு வைத்து எழுதினாள். மறுநாள் முழுக்க ஒருவரும் அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது? எல்லோரும்தானே பொய் சொன்னார்கள்.

அதற்கடுத்த நாள் மாலை, கடையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மேடம் போனைத் திறந்தார். அந்தப் பதிவின் கீழே ஒரு கருத்து வந்திருந்தது. துறைத்தலைவர் பெயரில். படிக்கப் பயந்து போனைக் கணவரிடம் நீட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார்:

'மாணவிக்கு. கியூபை இருபத்தெட்டாம் நாள் பார்த்தீர்கள். நடுவிலேயே, இரண்டு வாரத்தில் பார்த்து எடுத்துத் தண்ணீரில் போட்டிருந்தால், போன பலம் திரும்பி வருமா? எவ்வளவு வரும்? முப்பது வருஷமாக இதைப் பாடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறையும் போட்டுப் பார்த்ததில்லை.'

மேடம் வாங்கித் தானே ஒருமுறை படித்தார், மறுபடி படித்தார். கடையில் கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெரியவர், "என்னம்மா, கண்ணுல தண்ணி வருது, மருந்து ஏதும் போட்டாங்களா?" என்று விசாரித்தார்.

மறுநாள் காலை லேப்பில் கலவைத் தட்டைச் சுற்றி ஒரே கூட்டம். கேமரா மணலை அளந்துகொண்டிருந்தாள், கூட்டாளி அச்சுக்கு எண்ணெய் தடவினான். துறைத்தலைவர் உள்ளே வந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். அந்தக் கையை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"நானும் ரெண்டு கியூப் போடலாமா?"

எல்லோரும் வழி விட்டார்கள். அவர் கரண்டியைப் பிடித்த விதம் சரியில்லை, சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. மேடம்தான் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டார்: "சார், அந்தக் கையெழுத்து..."

"அது நேத்தே போட்டு அனுப்பியாச்சும்மா. உங்களுக்கு இன்னும் வரலையா?" அவர் குனிந்தபடியே கலவையைப் புரட்டினார். "அது கிடக்கட்டும். எனக்கும் ஒரு பிளாக் திறந்து குடுங்க. இதை எங்கே எழுதுறது நான்?"